வாயில் வந்த வாக்கியம் நோட்டிலும் வர: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம், செம்மண்டலம் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும், தெருவில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களும், பெற்றோரும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பிள்ளை ஒரு முழு வாக்கியத்தைச் சரியாக எழுத வேண்டுமென்றால், முதலில் அதை முழுசாக வாயால் சொல்லிப் பழக வேண்டும். கட்டுரை, கடிதம் பக்கம் நான் போகவில்லை. ஒரு வாக்கியம், மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்குள்ளேயே சொல்லித்தர அவ்வளவு இருக்கிறது. நானும் தொடக்கப்பள்ளி ஆசிரியைதான். கீழே உள்ளவை வகுப்பில் செய்து பார்த்தவை.

எழுதினால்தானே எழுத்து வரும்? பேசவைத்து நேரத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?

எழுதினால்தான் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாக்கியம் எழுத உட்காரும்போது அதன் தலையில் எத்தனை வேலை விழுகிறது என்று பாருங்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். வீட்டில் பேசுகிற பேச்சை எழுத்துத் தமிழாக்க வேண்டும். சின்ன 'ர'வா பெரிய 'ற'வா, ரெண்டு சுழியா மூணு சுழியா என்று முடிவு செய்ய வேண்டும். கொம்பை முதலில் போட வேண்டும், காலைப் பிறகு போட வேண்டும். இதற்கு நடுவில் விரல் வேறு வலிக்கிறது. பாதியில் சொல்லவந்ததே மறந்துபோகிறது. நோட்டில் அரை வாக்கியமாக நிற்பதும், "நானும் அண்ணனும் கடைக்குப் போய் வாங்கினான்" என்று தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாக முடிவதும் இதனால்தான்.

எழுதத் தொடங்கும் முன்பே வாக்கியம் வாயில் முழுசாக முடிந்திருந்தால் இந்தச் சுமையில் பாதி இறங்கிவிடும். அப்புறம் கையும் கண்ணும் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பேசவைப்பது எழுத்துக்கு மாற்று இல்லை. எழுதுவதற்கு முந்தின வேலை அது. நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிற வேலையும் அதுதான்.

எந்த வகுப்பில் தொடங்கலாம்? எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்தே சரியாகத் தெரியாது.

ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். சொன்ன வாக்கியம் கண்ணெதிரே எழுத்தாக நிற்பதைப் பார்ப்பதே பெரிய பாடம். எழுத்து முழுக்க வந்த பிறகுதான் வாக்கியம் என்று காத்திருந்தால், அந்தப் பிள்ளை வாக்கியமே சொல்லாமல் இரண்டு வருடம் போய்விடும்.

ஒரு பாடவேளையில் இதை எப்படி நடத்துவது?

பதினைந்து நிமிடம் போதும். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை வேண்டும். பிள்ளை தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறது. நாம் ஒன்றிரண்டு கேள்வி கேட்டு அதைக் கொஞ்சம் நிறைவாக்குகிறோம். பிறகு அதையே எழுத்துத் தமிழில் சொல்லச் சொல்கிறோம். ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இன்னொரு முறை சொல்கிறது. அப்புறம்தான் பென்சில். எழுதி முடித்ததும் தானே சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் நாலாம் வகுப்பில் 'வலை' என்ற சொல்லைக் கொடுத்தேன். கடற்கரைத் தெருச் சிறுமி ஒருத்தி எழுந்து, "தாத்தா வலை பின்னுவாரு டீச்சர்" என்றாள். எங்கே, எப்போது என்று கேட்டேன். "சாயங்காலம் தாத்தா திண்ணையில உக்காந்து வலை பின்னுவாரு." சரி, இப்போது நோட்டில் எழுதுகிற மாதிரி சொல்லு என்றேன். கொஞ்சம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "மாலையில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னுவார்." ஆறு கொட்டை வைத்தாள். ஒவ்வொரு சொல் எழுதியதும் ஒரு கொட்டையை நகர்த்திக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. நான் வாய் திறக்கவில்லை. அவளே திரும்பப் படித்து, "உட்கார்ந்து விட்டுப்போச்சு" என்று மேலே செருகினாள்.

கொட்டை வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. "வீட்டுக்குபோனேன்", "அம்மாசோறுபோட்டார்" என்று எல்லாவற்றையும் ஒட்டி எழுதுகிற பிள்ளைகளுக்கு, சொல் எங்கே முடிகிறது என்று காதிலும் கையிலும் ஒன்றாகப் படிகிறது. 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்பதற்கு ஒரு கொட்டையா மூன்றா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். இந்த வயதில் அதைப் பெரிதாக்க வேண்டாம். ஒன்று என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

பேசுவது மாதிரியே எழுதுகிறார்கள். 'வந்துச்சு', 'போனாங்க', 'பாத்துட்டு' என்றே நோட்டில் வருகிறது. என்ன செய்வது?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இது. இதில்தான் பேச்சுப் பயிற்சி முழுப் பலனும் தருகிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு தமிழ், புத்தகத்தில் ஒரு தமிழ். இரண்டுக்கும் நடுவில் போகிற வழி கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். 'வந்துச்சு' 'வந்தது' ஆகும், 'போச்சு' 'போனது' ஆகும், 'வந்தாங்க' 'வந்தார்கள்' ஆகும், 'வீட்ல' 'வீட்டில்' ஆகும், 'இருக்கு' 'இருக்கிறது' ஆகும். 'பாத்துட்டு' 'பார்த்துவிட்டு' ஆகும், 'பாத்துக்கிட்டு' 'பார்த்துக்கொண்டு' ஆகும். கடைசி இரண்டையும் பிள்ளைகள் குழப்புவார்கள். தனியாக எடுத்துச் சொல்லவைக்க வேண்டும். இந்த மாற்றங்கள் ஒழுங்கானவை. பத்து, பதினைந்து மாற்றம் வாயில் பழகினால் பெரும்பாலான வாக்கியங்கள் தானாகச் சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்த வழி, செய்தி வாசிப்பது. டிவியில் செய்தி வாசிக்கிறவர் எப்படிப் பேசுவார் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பேரை நிற்க வையுங்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். "நேத்து ராத்திரி எங்க தெருவுல கரண்டு போயிடுச்சு" என்று அவர் சொல்வார். அடுத்தவர் நிமிர்ந்து நின்று, "வணக்கம். நேற்று இரவு எங்கள் தெருவில் மின்சாரம் தடைப்பட்டது" என்று வாசிப்பார். வாயே திறக்காத பிள்ளைகூட இதற்கு வந்து நிற்கும். மேசையைத் தட்டி இசை போட ஒரு கூட்டம் தயாராக இருக்கும். பத்துச் செய்தி வாசித்தபின் அதில் ஒன்றை எல்லோரும் எழுதட்டும்.

பேச்சிலேயே இல்லாத வடிவங்கள் சில உண்டு. அவற்றைப் பிள்ளை வீட்டில் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. "மாடு வந்துச்சு, மாடுங்க வந்துச்சு" என்று பேச்சில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே முடிவுதான். 'மாடுகள் வந்தன' என்பது பிள்ளைக்குப் புதுத் தமிழ். அதனால் "மாடுகள் வந்தது" என்றோ, கொஞ்சம் மரியாதையாக "மாடுகள் வந்தார்கள்" என்றோ எழுதும். இதற்குத் தினமும் இரண்டு நிமிடம் வாய்ப்பாடு மாதிரி ஓட்டலாம். நான் "காக்கை" என்றால் அவர்கள் "பறந்தது", நான் "காக்கைகள்" என்றால் "பறந்தன". "படகுகள்?" "சென்றன." "மீன்கள்?" "துள்ளின." "மீனவர்கள்?" என்று இடையில் தூக்கிப் போட வேண்டும். பாதிப் பேர் "வந்தன" என்பார்கள், மீதிப் பேர் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அவள் நேற்று வந்தால்" என்று எழுதிய பிள்ளைக்கு நாம் சிவப்பில் ல, ள பிழை என்று போட்டுவிடுகிறோம். அது வெறும் எழுத்துப்பிழை இல்லை. பேச்சில் 'வந்தாள்' என்பதும் 'வந்தா', 'வந்தால்' என்பதும் 'வந்தா'. இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகின்றன. பிறகு பிள்ளை எதைப் பார்த்து வேறுபடுத்தும்? "அக்கா வந்தாள்" என்று சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். "அக்கா வந்தால்..." என்று தொடங்கி முடிக்கச் சொல்லுங்கள். "அக்கா வந்தால் நான் கடைக்குப் போவேன்." ஒன்று அங்கேயே முடிந்துவிடுகிறது, இன்னொன்று மிச்சத்துக்குக் காத்திருக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்த பிள்ளைக்கு எந்த 'ல்', எந்த 'ள்' என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் பிள்ளைகளின் ஊர்ப் பேச்சைத் திருத்த வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். "அது கொச்சை, அப்படிப் பேசாதே" என்று ஒரு முறை சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் முழுக்க வாய் திறக்காது. மீனவத் தெருப் பேச்சு, பண்ருட்டிப் பக்கத்துப் பேச்சு, முதுநகர்ச் சந்தைப் பேச்சு எல்லாமே முழுமையான தமிழ்தான். அவற்றுக்கும் அவற்றுக்கான இலக்கணம் உண்டு. பேச்சு அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் எழுத்துத் தமிழையும் வைக்கிறோம், அவ்வளவுதான். "தப்பு" என்பதற்குப் பதிலாக, "இதை நோட்டில் எப்படிச் சொல்வோம்?" என்று கேளுங்கள்.

குட்டிக் குட்டி வாக்கியமாகவே எழுதுகிறார்கள். 'படகு வந்தது. மீன் வந்தது.' எப்படி நீட்டுவது?

தமிழில் வினை கடைசியில் நிற்கும். அதனால் வாக்கியத்தை நீட்ட வேண்டுமென்றால் வால் பக்கம் ஒட்டக்கூடாது. வினைக்கு முன்னால் இடம் கொடுக்க வேண்டும். இதை விளையாட்டாகவே செய்யலாம். ஒரு பிள்ளை 'படகு', இன்னொன்று 'வந்தது'. இருவரும் தள்ளி நிற்கட்டும். "யாருடைய படகு?" என்று கேட்டால் ஒரு பிள்ளை "மாமாவின்" என்று வந்து படகுக்கு முன்னால் நிற்கும். "எப்போது?" "விடியற்காலையில்." "எங்கே?" "துறைமுகத்துக்கு." "எப்படி?" "மெதுவாக." கடைசியில் வரிசையாக நின்று ஆளுக்கொரு சொல்லாகச் சொல்வார்கள்: "விடியற்காலையில் மாமாவின் படகு துறைமுகத்துக்கு மெதுவாக வந்தது."

பிறகு 'விடியற்காலையில்' என்ற பிள்ளையை இடம் மாற்றி நிற்கச் சொல்லுங்கள். "மாமாவின் படகு விடியற்காலையில்..." சரியாகவே இருக்கிறது. 'மாமாவின்' என்பதைப் படகை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். கெட்டுப்போகிறது. எது நகரும், எது ஒட்டியே நிற்கும் என்று உடம்பாலேயே தெரிந்துகொள்கிறார்கள். 'வந்தது' என்ற பிள்ளை மட்டும் கடைசியை விட்டு நகர்வதே இல்லை என்பதையும் யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அது வரைக்கும் நாம் சொல்லக்கூடாது.

நீளம் மட்டும் நோக்கமாகிவிடக் கூடாது. "அழகான பெரிய நீல நிறமான நல்ல படகு" என்று அடுக்கினால் நிறுத்துங்கள். கேட்கிறவருக்குப் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று வகுப்பையே கேளுங்கள்.

இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்குவது எப்படி? 'ஆனால்', 'அதனால்' சொல்லிக்கொடுத்தால் போதாதா?

அவை வேண்டும். ஆனால் தமிழின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. நாம் நடுவில் ஒரு சொல்லைப் போட்டு ஒட்டுவதைவிட, முதல் வினையின் முடிவை மாற்றித்தான் அதிகம் ஒட்டுகிறோம். மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் கலெக்டர் லீவு விடுவாரா என்று காத்திருப்பார்கள், அதனால் ஆளுக்கொரு வாக்கியம் கைவசம் இருக்கும். "மழை பெய்தது", "விடுமுறை விட்டார்கள்" என்ற இரண்டையும் கொடுங்கள். மழை பெய்ததால் விடுமுறை விட்டார்கள். மழை பெய்தால் விடுமுறை விடுவார்கள். மழை பெய்தும் விடுமுறை விடவில்லை. மழை பெய்தாலும் பள்ளிக்குப் போக வேண்டும். மழை பெய்யும் முன்பே வீட்டுக்கு ஓடிவிட்டோம். மழை பெய்யாமலேயே விடுமுறை விட்டார்கள்! கடைசி வாக்கியத்துக்கு வகுப்பே கைதட்டும்.

இவை எதையும் நாம் புதிதாகச் சொல்லித்தரவில்லை. "மழ பெஞ்சா லீவு விடுவாங்கல்ல டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளை 'பெய்தால்' என்ற அமைப்பை எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறது. அதை எழுத்து வடிவத்தில் வாயால் சொல்லவைக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு முடிவு மட்டும் எடுங்கள். திங்கட்கிழமை '-ததால்' என்றால் அன்று முழுக்க அதுவே. "தடைக்காலம் வந்ததால் விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். அது அவன் வீட்டில் தினமும் பேசுகிற விஷயம். அந்த வாக்கியத்தை அவன் பிழையில்லாமல் எழுதினான்.

'அப்புறம்... அப்புறம்...' என்று கோக்கிற பிள்ளைகளுக்கு வேறு பயிற்சி. "எழுந்தேன். அப்புறம் பல் தேய்த்தேன். அப்புறம் குளித்தேன்" என்பதை "எழுந்து, பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லவையுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் செய்தவர் ஒருவராக இருக்க வேண்டும். "மணி அடித்து நாங்கள் ஓடினோம்" என்றால் மணியை அடித்ததும் நாங்களே என்று ஆகிவிடும். "மணி அடித்ததும் நாங்கள் ஓடினோம்" என்பதே சரி. "யார் அடித்தது? யார் ஓடியது?" என்று இரண்டு கேள்வி கேட்டால் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். 'மழை பெய்து குளம் நிரம்பியது' என்று காரணமும் விளைவுமாக வருவதுண்டு, அதை இப்போது இழுக்க வேண்டாம்.

நான்கு, ஐந்தாம் வகுப்பில் இன்னொரு வகையையும் சேர்க்கலாம். "ஒரு பையன் அழுதான். அவன் என் தம்பி." இதை "அழுத பையன் என் தம்பி" என்று சுருக்குவது. பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி தெரிகிறது. நாலு நாள் வகுப்பில் யாரைக் கூப்பிட்டாலும் "டஸ்டர் எடுத்த பொண்ணு", "பேனா தொலைத்த பையன்" என்றே கூப்பிடுவார்கள். விட்டுவிடுங்கள், அதுவும் பயிற்சிதான்.

விடுகதை, பாட்டு எல்லாம் இதற்கு உதவுமா?

விடுகதை ரொம்பவே உதவும், ஏனென்றால் ஒரு விடுகதை பெரும்பாலும் ஒரே வாக்கியம். "அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிவாள்." விடை அம்மியும் குழவியும். இதை நாலு முறை சொன்ன பிள்ளைக்கு '-இருக்க' என்ற அமைப்பு காதில் உட்கார்ந்துவிடும். பிறகு அதே அமைப்பில் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். "அப்பா நின்றிருக்க, பிள்ளைகள் கீழே விழுவார்கள்" என்று எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை கட்டியது. மரமும் இலையும். அன்றைக்கு ஆளுக்கொரு விடுகதை எழுதி, பக்கத்து வகுப்புக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள்.

வகுப்பில் 40 பேர். எல்லோரையும் பேசவைத்தால் சந்தைக்கடையாகிவிடாதா? பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரிகள் என்ன சொல்வார்கள்?

இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுக் கொட்டை வைக்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்தில் 40 பேரும் பேசி முடித்துவிடலாம். ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்தினால் ஒரு பாடவேளைக்குப் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். சத்தம் வரும். வேலை நடக்கிற சத்தம் அது. பார்வைக்கு வருகிறவரிடம், எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லலாம்.

வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது?

எல்லோர் முன்னாலும் எழுப்பாதீர்கள். முதலில் வாக்கியத்தை முடிக்கிற வேலையை மட்டும் கொடுங்கள். "அலை பெரிதாக இருந்ததால்..." என்று நீங்கள் தொடங்குங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியிடம் மெதுவாக அது முடிக்கட்டும். சேர்ந்து சொல்லும்போது சொல்லட்டும். கேட்டுக்கொண்டே கொட்டை வைக்கிற வேலையைக் கொடுத்தாலும் அது பங்கெடுப்புத்தான். பதில் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். நாம் பெரும்பாலும் மூன்று எண்ணுவதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறோம்.

காது, பேச்சு சார்ந்த சிரமம் இருக்குமோ என்று தோன்றினால் தள்ளிப் போடாமல் பெற்றோரிடம் சொல்லி, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கு?

தெலுங்கு, உருது பேசுகிற வீட்டுப் பிள்ளைகளும், வேலைக்காக வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தங்கள் மொழியிலேயே நினைத்துக்கொள்ளட்டும், தெரிந்த சொல்லை வைத்துத் தமிழில் சொல்லட்டும். இந்த மொழிகளிலும் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும் என்பது நமக்கு நல்ல வசதி. சொல் வரிசை அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அவர்களுக்குத் தேவை வேற்றுமை உருபுகளில் கூடுதல் பழக்கம்: கடைக்கு, கடையில், கடையிலிருந்து. பொருளைக் கையில் கொடுத்து, நடக்கவிட்டு, சொல்லவையுங்கள்.

எழுத்துப்பிழையை எப்போது திருத்துவது?

வாக்கியம் முடிந்த பிறகு. பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போதோ எழுதிக்கொண்டிருக்கும்போதோ வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை மட்டும் பாருங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் பார்க்காது. ஒற்றுப் பிழைக்கும் வாய்தான் மருந்து: "பள்ளிக்குப் போனேன்" என்று சத்தமாகச் சொன்னால் அந்த 'ப்' நிறைய இடங்களில் காதில் அழுத்தமாக விழும். விழாத இடங்களுக்கு விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுவாய், பயனிலை, வினையெச்சம் என்று பெயர்கள் சொல்லித்தர வேண்டாமா?

சொல்லித்தரலாம், பயன்படுத்திப் பழகிய பிறகு. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்டார்கள். வாக்கியங்களை இணைத்துப் பழகுவது எழுத்தை மேம்படுத்துகிறது என்பதும், இலக்கணத்தைத் தனியாக எடுத்துப் பாடமாக நடத்துவது எழுத்துக்கு உதவவில்லை என்பதும் அதில் தெரிந்தன. அது ஆங்கில எழுத்தைப் பற்றியது, அப்படியே தமிழுக்குத் தூக்கிப் போட முடியாது. இருந்தாலும் வகுப்பில் நான் காண்பதோடு ஒத்துப்போகிறது. 'பெய்ததால்' என்று இருபது வாக்கியம் சொல்லி எழுதிய பிள்ளையிடம் இலக்கணப் பெயரைச் சொன்னால், தனக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்த சந்தோஷத்தோடு வாங்கிக்கொள்ளும்.

எனக்குப் படிப்பு இல்லை. வீட்டில் பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம் அம்மா. இதற்குப் படிப்பே தேவையில்லை, பேச்சு போதும். பள்ளியிலிருந்து வந்ததும் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "சோத்துக்கு என்ன போட்டாங்க, யார் பக்கத்துல உக்காந்த, ஏன் சட்டை அழுக்காச்சு?" என்று கேளுங்கள். ஒரு சொல்லில் பதில் வந்தால், "முழுசா சொல்லு சாமி" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

பழைய கதையும் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. இன்றைய தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். நான் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கொடுத்து அனுப்புவேன்: "தானே அடித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" பாட்டி சொன்ன பதிலை மறுநாள் ஒரு வாக்கியமாகச் சொல்லி, பிறகு எழுத வேண்டும். "தானே புயல் அடித்தபோது பாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றிருந்தார்" என்று ஒரு நோட்டில் வந்தது. எழுதிய பிள்ளைக்கு அதைத் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றியது.

இதே முறையில் ஆங்கில வாக்கியமும் சொல்லித்தரலாமா?

சொல்லி, எண்ணி, எழுதி, படித்துப் பார்ப்பது எந்த மொழிக்கும் பொருந்தும். நீட்டுவதும் இணைப்பதும் ஆங்கிலத்தில் வேறு மாதிரி. அங்கே வினை எழுவாயை ஒட்டி வரும். இரண்டையும் ஒரே பாடவேளையில் கலக்காதீர்கள்.

'எண்ணும் எழுத்தும்' வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. இது கூடுதல் சுமை ஆகாதா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கிற அந்த அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்திலேயே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பேச்சு, பாட்டு, செயல்பாடு எல்லாம் வைத்திருக்கிறார்கள். பயிற்சிநூலில் எழுதவேண்டிய வாக்கியத்தையே எடுங்கள். எழுதும் முன் வாயால் சொல்லவையுங்கள். அரும்பு நிலைப் பிள்ளை சொல்லட்டும், மலர் நிலைப் பிள்ளை எழுதட்டும், இருவரும் சேர்ந்து படிக்கட்டும்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதம் ஒருமுறை ஒரே படத்தைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லவையுங்கள், செல்போனில் பதிவு செய்யுங்கள். அதையே எழுதவும் வையுங்கள். மூன்று மாதப் பதிவை வரிசையாகக் கேட்டால் தெரியும். நான் பார்ப்பது இவற்றைத்தான்: வாக்கியம் முடிகிறதா, வினை எழுவாயோடு சேர்கிறதா, எங்கே எப்போது என்று ஏதாவது கூடியிருக்கிறதா, இரண்டு செய்தி ஒன்றாக இணைந்திருக்கிறதா. முதலில் பேச்சு மாறும், எழுத்து பின்னால் வரும். பேச்சு மாறி எழுத்து அப்படியே நின்றால் கை பழகவில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு எழுதும் பயிற்சி கூட வேண்டும்.

தேர்வில் 'சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்றால் எல்லாச் சொல்லுக்கும் 'எனக்கு இது பிடிக்கும்', 'நான் இதைப் பார்த்தேன்' என்றே எழுதுகிறார்கள். மதிப்பெண் போடுவதா வேண்டாமா?

மதிப்பெண் போட்டுவிடுங்கள், வாக்கியம் சரிதானே. ஆனால் வகுப்பில் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் தடை போடுங்கள். 'பாலம்' என்ற சொல்லைக் கொடுத்து, 'பார்த்தேன்', 'பிடிக்கும்' இரண்டும் இல்லாமல் வாயால் சொல்லச் சொல்லுங்கள். முதலில் அமைதி. பிறகு யாராவது ஒருவர், "கெடிலம் ஆத்துல தண்ணி வந்தப்ப பாலத்து மேல நின்னு பார்த்தோம்" என்பார். 'பார்த்தோம்' தடைக்குள் வருமா என்று விவாதம் நடக்கும். வராது என்று நான் தீர்ப்பு சொல்லிவிடுவேன், அவ்வளவு நல்ல வாக்கியத்தை விட மனம் வராது. அடுத்தவர், "பாலம் குறுகலாக இருந்ததால் பஸ் மெதுவாகப் போனது" என்பார். பத்துப் பேர் சொன்ன பிறகு, யாரும் சொல்லாத பதினோராவது வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். தேர்வுத்தாளில் அடுத்த முறை 'பாலம்' வராது, வேறு ஏதோ வரும். ஆனால் 'எங்கே, எப்போது, ஏன்' என்று தன்னையே கேட்டுக்கொண்டு உதட்டை அசைத்துப் பார்க்கிற பழக்கம் தேர்வறையிலும் கூட வரும். கண்காணிப்பாளராக நிற்பவர் அந்த உதடசைவைப் பார்த்து, பேசுகிறார்கள் என்று அதட்டாமல் இருக்க வேண்டும்.